ஐந்து கிலோ சாக்பீஸ்

“அசையாதே... அப்படியே இரு... ஆங், போச்சு!”

முயல் மறுபடியும் தராசிலிருந்து குதித்து வாளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. தராசில் ஏதோ ஓர் எண் வருவதுபோல வந்து, பூஜ்யமாகி, அணைந்தும் போனது.

குளியலறைத் தரையில் மண்டியிட்டிருந்தவர் பெருமூச்சு விட்டார். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவர் அவர். ஜல்லி ஏற்றிய பெரிய லாரியை ஒற்றை விரலைக் காட்டி நிறுத்திவிடுவார். உள்ளங்கை இரண்டுக்குள் அடங்குகிற ஒரு முயலை அவரால் நிறுத்த முடியவில்லை.

அந்த மேடை பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் காட்டாது. ஆனாலும் இவர் எடை விஷயத்தில் காட்டுகிற கறாரைப் பார்த்து, டிரைவர்கள் இவருக்கு ‘கிராம் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை, சந்தோஷப்படுகிறார் என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“அப்பா, எவ்வளவு போடணும்னு சொல்லுங்கப்பா. சாக்பீஸ் பசியில இருக்கு.” பெல்லட் தீனி டப்பாவோடு மகள் வாசலில் நின்றாள். முயலின் வெள்ளையைப் பார்த்து அவள் வைத்த பெயர்தான் சாக்பீஸ்.

“எடை தெரியாம எப்படிம்மா போடறது? டாக்டர் சொன்னதைக் கேட்ட இல்ல?”

கேட்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிற அளவுக்கு அவர் சொல்லிவிட்டார். கால்நடை டாக்டரம்மா சொன்னது இதுதான்: “இது வளர்ற முயல். ஒரு கிலோ எடைக்கு ரெண்டு கரண்டி பெல்லட். எடை ஏற ஏறத் தீனியையும் ஏத்துங்க. ஆனா இந்த வகை ரெண்டு கிலோவுக்கு மேல போகாது. போனா அது வளர்ச்சி இல்ல, கொழுப்பு. காய்ஞ்ச புல்லு மட்டும் எந்நேரமும் கூண்டுல இருக்கட்டும். பிஸ்கட், பழம்னு கண்டதையும் கொடுக்காதீங்க.”

இதில் அவர் இவ்வளவு தீவிரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முயலுக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு தங்க மீன்கள் இருந்தன. மகள் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது, “கொஞ்சமா தீனி போடுங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? எல்லாவற்றையும் அளந்தே பழகிய மனிதருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. குழந்தை இல்லாத நேரத்தில் மீன் பட்டினி கிடக்கக் கூடாதே என்று, பாசத்தில் பாக்கெட்டைக் கவிழ்த்துவிட்டார்.

மகள் திரும்பி வந்து பார்த்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. கண்ணாடித் தொட்டியைக் கழுவி அலமாரி மேல் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். அது இன்னும் கவிழ்ந்தேதான் இருக்கிறது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும்.

முயல் வாங்கலாம் என்று அவரே பேச்செடுத்தபோது மனைவி ஒரே நிபந்தனை போட்டாள். “வாங்குங்க. ஆனா மறுபடியும் பிள்ளை மனசு உடையற மாதிரி ஆச்சுன்னா வெச்சுக்கறதுக்கில்ல. டாக்டர் ஒரு குறை சொன்னாக்கூடக் கடைக்கே திருப்பிக் கொடுத்துடணும். சரியா?”

“சரி” என்றார் அவர். தலை போனாலும் இந்த முயலை அளவாக வளர்த்துக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இப்போது வாளிக்குப் பின்னாலிருந்து முயல் எட்டிப் பார்த்தது. அவருக்குப் பொறி தட்டியது.

“அட, நான் ஒரு மடையன்! லாரியில இருக்கற ஜல்லியை எப்படி எடை போடறோம்? ஜல்லியைக் கீழ இறக்கியா போடறோம்? காலி வண்டி எடை தெரியும். லோடோட ஏத்தறோம். மொத்தத்துல காலியைக் கழிக்கறோம். மிச்சம் ஜல்லி!”

“அதுக்கு?” என்றாள் மகள்.

“நான்தான் லாரி.”

முதலில் அவர் மட்டும் தராசில் ஏறினார். அறுபத்தெட்டு. பென்சிலை எடுத்துக் குளியலறைக் கதவின் உள்பக்கம் ‘68’ என்று கொட்டையாக எழுதினார். லாரிக் கதவில் காலி எடையைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்களே, அதுபோல. பிறகு முயலை அணைத்துக்கொண்டு ஏறினார். அறுபத்தொன்பது.

“ஒரு கிலோ! ரெண்டு கரண்டி போடு. தலை தட்டிப் போடணும். குவிக்கக் கூடாது.”

மகள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் மீன் விஷயத்தில் பாதி பாவம் கழிந்தமாதிரி இருந்தது அவருக்கு.

---

மறுநாள் மேடையில் ‘மீசை’ வந்து சேர்ந்தான். ஜல்லி லாரி ஓட்டுகிறவன். ஆள் வருவதற்கு முன்னால் மீசை வரும்.

“லோடு அதிகம்” என்றார் கிராம் சார், கண்ணாடி ஜன்னலுக்குள்ளிருந்து. “திரும்பிப் போய் இறக்கிட்டு வா.”

“சார், ஜல்லி அளவாத்தான் இருக்கு. வண்டிக்குப் பின்கதவு புதுசா மாத்தியிருக்கேன். கெட்டி இரும்பு. அடியிலயும் தகடு அடிச்சிருக்கேன். காலி வண்டியே கனம் ஏறிடுச்சு. ஒரு தடவை காலியா ஏத்திப் பாருங்க.”

“கதவுல என்ன எழுதியிருக்கு?”

“அது பழசு சார்.”

“எழுதினது எழுதினதுதான். அவனவன் வந்து வண்டி குண்டாயிடுச்சுன்னு சொன்னா நான் நம்பிட முடியுமா? லோடு ஏறும், இறங்கும். வண்டி எப்பவும் ஒரே எடைதான்.”

மீசை முணுமுணுத்துக்கொண்டே லாரியைத் திருப்பினான். கிராம் சார் நிம்மதியாக டீ குடித்தார். கூடவே பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டையும் எடுத்துச் சாப்பிட்டார். காலையில் மகள் முயலுக்குக் கொடுக்கப் போனபோது அவர் பிடுங்கிக்கொண்ட பிஸ்கட்டுகள் அவை. நல்ல பொருளை வீணாக்க அவருக்கு மனசு வராது.

அந்த வாரத்திலிருந்து வீட்டில் சட்டதிட்டம் அமலுக்கு வந்தது. முயல் கண்ணில் படுகிறமாதிரி பழம், ரொட்டி, பிஸ்கட் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பறிமுதல். காலையில் முயலுக்குக் கரண்டி தட்டிப் போட்டு, கூண்டைச் சுத்தம் செய்து கிளம்ப நேரமாகிவிட்டதால், மேடைக்கு நடந்து போகிற வழக்கத்தை விட்டு ஸ்கூட்டரில் போகத் தொடங்கினார்.

ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு, முயலோடு ஏறினார். எழுபது.

“ரெண்டு கிலோ!” என்று கூவினார். “பார்த்தியா, எப்படி வளருதுன்னு! நாலு கரண்டி போடு!”

“நாலு கரண்டி தின்னாதுப்பா. ரெண்டுலயே அதுக்கு வயிறு நிறைஞ்சிடுது.”

“கணக்கு நாலுன்னு சொல்லுது. அது தின்னும்.”

முயல் தின்னவில்லை. மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தின் மேலேயே படுத்துத் தூங்கியது. வயிறு இளகி, கூண்டு நாறியது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“இது என்ன குறையா, இல்லையா?”

“வளர்ச்சி” என்றார் அவர்.

---

அடுத்த முறை தராசு எழுபத்தொன்றரை காட்டியது. கிராம் சார் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறினார். எழுபத்தொன்றரையேதான்.

“மூணரை கிலோ” என்றார். “கொழுப்பு வெச்சுடுச்சு.”

“எங்கப்பா கொழுப்பு? முன்னமாதிரிதான் இருக்கு” என்றாள் மகள்.

“உனக்குத் தெரியாதும்மா. முடி மறைக்குது.”

டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் முயலைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள். அதுவரைக்கும் யாரைக் கேட்பது? முயல் விற்ற கடைக்காரருக்கு போன் போட்டார்.

“அண்ணே, நீங்க அளந்து போட்டும் எடை ஏறுதுன்னா அர்த்தம் ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர், நூறு வீடு பார்த்தவர்போல. “வீட்டுல யாரோ உங்களுக்குத் தெரியாம ஊட்டறாங்க. பெல்லட்டைப் பாதியாக்குங்க. ஆள் யாருன்னு கண்டுபிடிங்க.”

கிராம் சார் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

“என்னைப் பார்க்காதீங்க” என்றாள் மனைவி. சலவைக் கடையில் இஸ்திரிப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில்தான் நடக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் துணியின் சுருக்கத்தை எடுத்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து முயலுக்கு ஊட்டிக்கொண்டிருக்க ஏது நேரம்? “நான் முயலைத் தொட்டே ஒரு வாரம் ஆச்சு. அது இருக்கட்டும், அந்தப் பேண்ட்டை ஏன் பட்டன் போடாம பெல்ட்டால இழுத்துக் கட்டியிருக்கீங்க?”

“அதை நான் கேக்கணும். உங்க கடையில போட்டு எல்லாத்தையும் சுருக்கிட்டு வர்றீங்க. சட்டையும் அப்படித்தான்.”

“எங்க கடையிலயா? எங்க கடையில ஒரு கைக்குட்டைகூடச் சுருங்கினதில்ல!”

அவள் தொழிலைக் குறை சொன்னதில் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் தட்டுகள் சத்தமாகவே வைக்கப்பட்டன.

ஆனால் கிராம் சார் தளரவில்லை. பெல்லட்டைப் பாதியாகக் குறைத்தார். சோதனைகளைக் கடுமையாக்கினார். மகளின் பள்ளிப் பையில் ஓர் ஆப்பிள் அகப்பட்டது.

“இது என் மதியச் சாப்பாட்டுக்குப்பா!”

“யாருக்குத் தெரியும்?” என்று அங்கேயே கடித்தார். வீட்டில் வைத்தால்தானே முயலுக்குப் போகும்? அலமாரியில் வாழைப்பழச் சீப்பு இருந்தது. அதையும் அன்றன்றைக்கு அவரே தீர்த்தார். ரொட்டி ஓரங்களை முயல் மோப்பம் பிடிக்கிறது என்று தெரிந்ததும் ஓரங்களையும் விட்டுவைக்கவில்லை. பசிக்கிறதோ இல்லையோ, கடமை என்று தின்றார். இப்படியும் ஒரு தகப்பன் பாடுபடுவானா என்று தன்மேலேயே அவருக்கு இரக்கம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, எழுபத்துமூன்று.

“அஞ்சு கிலோ” என்றார் அவர். குளியலறையிலிருந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவியும் மகளும் முயலைப் பார்த்தார்கள். முயல் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது.

“நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி. “அஞ்சு கிலோவும் உண்டுன்னு இப்பத்தான் தெரியுது.”

“அப்பா, முதுகெலும்பு கையில தட்டுதுப்பா. இங்க தொட்டுப் பாருங்க.”

“கை பொய் சொல்லும். கண்ணும் பொய் சொல்லும். தராசு சொல்லாது.”

பெல்லட் அரைக் கரண்டி ஆனது. அதோடு தேகப் பயிற்சியும் சேர்ந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் முயலைக் கூடத்தில் விட்டு, “ஓடு, ஓடு” என்று துண்டை வீசுவார். முயல் சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிஷம் துண்டு வீசியவருக்குக் களைப்பில் அகோரப் பசி எடுக்கும்.

முயல் சும்மா இருக்கவில்லை. புல் எந்நேரமும் கிடந்தது, தின்றது. அது போதாமல் திரைச்சீலையின் ஓரத்தைத் தின்றது. துடைப்பத்தின் நுனியைத் தின்றது. மனைவி கடைக்குப் போட்டுப் போகிற செருப்பின் வாரைக் கடித்துத் துண்டாக்கியது. ஒரு நாள் அவள் ஒற்றைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

“கொழுத்த முயல் செருப்பைத் திங்குமா?”

“பேராசை” என்றார் அவர்.

அன்று மேடையிலும் அவருக்கு மனசு சரியில்லை. மீசையின் லாரி வந்து ஏறியது. எண்ணைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

“அதிகம். திருப்பு.”

“சார், கும்பிட்டுக் கேக்கறேன். காலி வண்டியை ஒரு தடவை ஏத்திப் பாருங்க. இந்த மாசத்துல எத்தனை தடவை நான் ஜல்லியை வாரிக் கொட்டறது? முதுகு போகுது சார்.”

“என் வீட்டுலயே லோடு அடங்க மாட்டேங்குது. நீ வேற வந்துட்ட!”

மீசைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சார் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, மேற்கொண்டு வாதாடாமல் வண்டியைத் திருப்பினான்.

---

சோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. ஸ்கூட்டரை வெளியே தள்ளினால் பின் டயரில் காற்றில்லை. மூன்று பேரும் முயல் கூடையோடு தெருவில் நின்றார்கள். டாக்டரம்மா மத்தியானத்துக்கு மேல் இருக்க மாட்டார். வரிசையாக வண்டிகள் போயின. ஒன்றும் நிற்கவில்லை.

நின்றது மீசையின் லாரி.

“என்ன சார், குடும்பத்தோட? ஏறுங்க. காலி வண்டிதான்.”

அவனிடம் உதவி கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மகள் அதற்குள் படியில் கால் வைத்துவிட்டாள். மீசை கூடையை ஒரு கையால் வாங்கிச் சீட்டில் வைத்தான்.

“உள்ள என்ன சார், பஞ்சா?”

“முயல். அஞ்சு கிலோ.”

மீசை கூடையை மறுபடி தூக்கிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். எடை விஷயத்தில் இவரிடம் பேசி என்றைக்கு ஜெயித்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், கியரைப் போட்டான்.

வழியெல்லாம் கிராம் சார் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கூடைக்குள் விரலை விட்டு முயலின் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்தக் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் நாளைக்கு ஒரு காலிக் கூண்டும் கவிழ்ந்திருக்குமோ என்று பயந்தார்.

ஆஸ்பத்திரியில் கூட்டமில்லை. கூடையை இறக்கிக் கொடுக்க வந்த மீசையும் முயலை வேடிக்கை பார்க்கலாமென்று கதவோரம் நின்றுகொண்டான். டாக்டரம்மா முயலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அதட்டலோ துண்டோ தேவைப்படவில்லை. அவர் ஒரு கையை முதுகில் வைத்ததும் அது சொல்பேச்சுக் கேட்டு உட்கார்ந்தது. மேசையேதான் தராசு.

கிராம் சார் கண்ணை மூடிக்கொண்டார். “உண்மையைச் சொல்லுங்க டாக்டர். உயிருக்கு ஆபத்தா?”

“யார் இதைப் பட்டினி போட்டது?” என்றார் டாக்டரம்மா.

கண் திறந்தது.

“ஒண்ணு நானூறுதான் இருக்கு. இந்நேரத்துக்கு ஒண்ணே முக்கால் வந்திருக்கணும். எலும்பு தட்டுது பாருங்க. பெல்லட் எவ்வளவு போடறீங்க?”

“அரைக் கரண்டி.”

“வளர்ற பிள்ளைக்கு அரைக் கரண்டியா?”

“அஞ்சு கிலோ டாக்டர்! நான் என் கையால எடை போட்டேன். உங்க மேசையில ஏதோ கோளாறு.”

டாக்டரம்மா ஒரு கிலோ மருந்துப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். மேசை ஒரு கிலோ காட்டியது.

மகள் முயலை வாரி எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. “நான் சொன்னேன்ல அப்பா. இளைச்சிருக்குன்னு சொன்னேன்ல.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நிபந்தனையை மறக்கிற ஆள் இல்லை. நிபந்தனையைச் சொல்லத்தான் போகிறாள் என்று காத்திருந்தார்.

“டாக்டர்” என்றாள் மனைவி, “இது தேறுமா?”

“தாராளமா. புல்லு நிறைய இருந்ததால தப்பிச்சுது. மூணு கரண்டி வரைக்கும் மெதுவா ஏத்துங்க. அதுவும் கண்ணால பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்துப் போடுங்க. ஒரு மாசத்துல பந்து மாதிரி ஆயிடும்.”

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். “சரி, கடைக்கு வேண்டாம். ஆனா இனிமே கரண்டி பிள்ளை கையில. நீங்க கூண்டு மட்டும் கழுவுங்க.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, முயலை அப்பாவின் கையில் கொடுத்தாள். “பிடிச்சுக்கோங்க. ஆனா தராசு கிட்ட மட்டும் கொண்டுபோகாதீங்க.”

கிராம் சாருக்கு உயிர் வந்தது. முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆனால் முப்பது டன்னில் பத்து கிலோ இடித்தாலே தூக்கம் வராத மனிதருக்கு, இத்தனை பெரிய வித்தியாசத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

“எல்லாம் சரி டாக்டர். மிச்சம் மூணரை கிலோ சொச்சம் எங்க போச்சு? நான் முறைப்படிதான் போட்டேன். என் எடை அறுபத்தெட்டு, கதவுலயே எழுதி வெச்சிருக்கேன். முயலோட ஏறினேன், எழுபத்துமூணு. கழிச்சா அஞ்சு. இதுல எங்க தப்பு?”

டாக்டரம்மா அவரையும், பாதி வழியில் நின்றுபோன அவர் சட்டைப் பட்டன்களையும் பார்த்துவிட்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி அவருடைய பெல்ட்டையே பார்த்தாள். சலவைக் கடையின் மானம் திரும்பி வந்த வெளிச்சம் அவள் முகத்தில் மெல்லப் பரவியது.

கதவோரம் நின்ற மீசை தொண்டையைச் செருமினான்.

“லோடு அளவாத்தான் இருந்திருக்கு சார்” என்றான் பணிவாக. “காலி வண்டியை ஒரு தடவை ஏத்திப் பாருங்க.”